அப்பாவின் கைபேசி பாரிஸிலும் சிங்கப்பூரிலும் பேசுமா?

முத்தியால்பேட்டை மகள்
ஞாயிறு, காலை 7.10

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 66. ஜூன் முதல் வாரம் இருவரும் பாரிஸ் போகிறார்கள். புறநகரில், சார்செல் பக்கம் என் தம்பியின் வீடு. இரண்டு மாதம் அங்கே தங்குவார்கள். இடையில் நான்கு நாள் ஜெனீவா. தீபாவளி முடிந்ததும் சிங்கப்பூர். தங்கைக்கு அங்கே பிரசவம்.

அப்பாவிடம் இருப்பது பழைய பொத்தான் கைபேசி. அம்மாவிடம் பொங்கலுக்கு வாங்கிய 5ஜி கைபேசி, விலை 11,000 ரூபாய். வெளிநாட்டில் வேலை செய்யுமா என்று வாங்கிய கடையில் கேட்டேன். "5ஜி என்றால் உலகம் முழுக்க எடுக்கும்" என்றார்கள். இது உண்மையா?

நான் கவலைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா விடியற்காலையில் தனியாக நடக்கப் போகிறவர். இங்கே புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து இரண்டு சுற்று நடக்காமல் அவருக்கு நாள் தொடங்காது. அங்கும் போவார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறோம். நடு வழியில் ஏதாவது என்றால் அவர் எடுத்து அழைக்க வேண்டும். அழைப்பு போக வேண்டும். 25,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். வங்கியின் ஓடிபி எல்லாம் அவருடைய இந்திய எண்ணுக்குத்தான் வருகிறது என்பதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

நேரு வீதிக் கடைக்காரர்
ஞாயிறு, காலை 8.02

உண்மை இல்லை அம்மா. 5ஜி என்பது தொழில்நுட்பத்தின் பெயர். எந்தெந்த அலைவரிசையில் அந்தக் கைபேசி பேசும் என்பது வேறு கணக்கு. நானும் இதே தொழிலில் இருப்பவன். தெரியாமல் இப்படிச் சொல்லி விற்கிறவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். அம்மாவின் கைபேசியில் அமைப்புகளுக்குள் போய் முழு மாடல் எண்ணைப் பாருங்கள். விளம்பரத்தில் வரும் பெயர் போதாது. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான எண் இருக்கும். அதை வைத்துத்தான் பேச முடியும்.

ஓ.டி. கப்பல்காரன்
ஞாயிறு, காலை 9.35

தங்கைக்கு வணக்கம். கடலூர் ஓ.டி., அதாவது பழைய நகரத்தைச் சேர்ந்தவன். 22 ஆண்டுகளாகக் கப்பலின் இயந்திர அறையில் வேலை. ராட்டர்டாம், ஹூஸ்டன், யோகோஹாமா, சிங்கப்பூர் என்று துறைமுகம் துறைமுகமாக இறங்கி, ஒவ்வொரு ஊரிலும் கைபேசியைத் தூக்கிப் பிடித்து டவர் தேடிய அனுபவத்தில் சொல்கிறேன்.

வீட்டு ரேடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். முள்ளை எங்கே திருப்பினால் புதுச்சேரி வானொலி வரும் என்று நமக்குத் தெரியும். அந்த இடத்துக்கு முள் போகாத ரேடியோ எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் அதில் புதுச்சேரி பாடாது. கைபேசியும் அப்படித்தான். 4ஜியில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். பேண்ட் 3, பேண்ட் 20 என்று சொல்வார்கள். நம் நாட்டில் 1, 3, 5, 8, 40, 41 ஆகியவற்றை வைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் பிழைப்பு நடக்கிறது. அதனால் இங்கே விற்கும் விலை குறைந்த கைபேசிகள் பலவற்றில் இந்த ஆறோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தியாவுக்கு அது போதும். பிழை என்று சொல்ல முடியாது.

ஆனால் ஐரோப்பாவில் 800 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பேண்ட் 20 பெரிய தூண். குறைந்த அலைவரிசை தூரம் போகும், சுவரைத் தாண்டும். ராட்டர்டாமில் மாலுமிகள் இளைப்பாறும் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும் என் கைபேசி செத்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிலிப்பினோ நண்பர் வீட்டோடு பேசிக்கொண்டிருப்பார். வாசலுக்கு வந்தால் எனக்கும் கிடைக்கும். அவருடையதில் 20 இருந்தது, என்னுடையதில் இல்லை. அன்று என் மகளுக்குப் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த நாள். மழையில் வாசலில் நின்றுதான் மதிப்பெண்ணைக் கேட்டேன்.

அமெரிக்கா தனிக் கதை: 2, 4, 12, 66, 71 என்று வேறு வரிசை. ஜப்பானில் நம்மூர் 2ஜியான ஜிஎஸ்எம் எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை. உங்கள் பெற்றோர் அங்கெல்லாம் போகவில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு நல்ல செய்தி, பேண்ட் 3. 1800 மெகாஹெர்ட்ஸ். இந்தியா, பிரான்ஸ், சிங்கப்பூர் மூன்றிலும் அது உண்டு. ஆகவே அம்மாவின் கைபேசி பாரிஸில் முழு ஊமையாகிவிடாது. தெருவில் எடுக்கும், நிலவறையிலும் தடித்த சுவர்களுக்குள்ளும் கிராமப்புறத்திலும் கைவிடும்.

லாஸ்பேட்டை மாணவன்
ஞாயிறு, காலை 11.20

எனக்கு வேறு கருத்து. இப்போது யார் சாதாரண அழைப்பில் பேசுகிறார்கள்? எல்லாம் வாட்ஸ்அப்தான். தம்பி வீட்டில் வைஃபை இருக்கும், வெளியே போனால் தம்பி உடன் இருப்பார். இருக்கும் கைபேசியைக் கொண்டுபோனாலே போதும். 25,000 ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை. அம்மா அப்பாவுக்கு நல்ல குளிராடையும் பயணக் காப்பீடும் எடுத்துக் கொடுங்கள் அக்கா.

சொல்தா வீட்டுப் பேரன்
ஞாயிறு, பிற்பகல் 1.15

தம்பி, காப்பீடு பற்றிச் சொன்னது சரி. மற்றதை ஏற்க முடியவில்லை. அந்தப் பெண் முதலிலேயே எழுதிவிட்டாள், அப்பா விடியற்காலையில் தனியாக நடக்கிறவர் என்று. தெருவில் யாருடைய வைஃபையைப் பிடிப்பது? பிரான்சில் மருத்துவ அவசரத்துக்கு 15, ஐரோப்பா முழுக்க எதற்கும் 112. இவற்றை வாட்ஸ்அப்பில் அழைக்க முடியாது. சாதாரண அழைப்பு போயாக வேண்டும்.

என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். 1962-இல் எங்கள் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டது. இன்றும் ஆண்டில் பாதி அங்கே, பாதி இங்கே என்றுதான் எங்கள் வாழ்க்கை. அதனால் சிலவற்றை உறுதியாகச் சொல்ல முடியும்.

கடையில் பார்க்கும்போது 7, 20, 28 ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். 1, 3 எப்படியும் இருக்கும். 5ஜிக்கு என்78 என்ற அலைவரிசை போதும், அது நம் ஊரிலும் அங்கும் பொதுவானது. கடற்கரைச் சாலையில் நின்று முழு டவர் காட்டுகிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள்: பேண்ட் 20 இந்தியாவில் பயன்பாட்டிலேயே இல்லை. இருக்கிறதா இல்லையா என்று இங்கே சோதித்துப் பார்க்க வழி கிடையாது. பட்டியலைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பாவின் பொத்தான் கைபேசி 2ஜி மட்டும் என்றால் அதை நம்ப வேண்டாம். பிரான்சின் ஆரஞ்ச் நிறுவனம் 2ஜியை 2026-க்குள்ளும் 3ஜியை 2028-க்குள்ளும் மூடுவதாக அறிவித்திருக்கிறது.

சிம் கார்டை அங்கே போய் வாங்கலாம். பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து லா ஷப்பேல் வரை நம் தமிழ்க் கடைகள்தான். தமிழிலேயே கேட்டு வாங்கலாம். பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

ஜெனீவாதான் கவனிக்க வேண்டிய இடம். 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. பிரெஞ்சு சிம்மை வைத்துக்கொண்டு இத்தாலி, ஜெர்மனி போய் வரலாம். சுவிட்சர்லாந்து அந்த ஏற்பாட்டில் இல்லை. நாம் கடலூரிலிருந்து வரும்போது முள்ளோடை எல்லையைக் கடந்தது கைபேசிக்குத் தெரியவே தெரியாது, தொலைத்தொடர்பில் இரண்டும் ஒரே தமிழ்நாடு வட்டம். ஜெனீவா எல்லையில் அப்படி இல்லை. டேட்டா ரோமிங் திறந்திருந்தால் பத்து நிமிடத்தில் பணம் கரைந்துவிடும். சில பிரெஞ்சுத் திட்டங்களில் சுவிட்சர்லாந்தையும் சேர்த்திருப்பார்கள், வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

முத்தியால்பேட்டை மகள்
ஞாயிறு, இரவு 8.45

எல்லோருக்கும் மிக்க நன்றி. மாடல் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் தேடிப் பார்த்தேன். கப்பல்கார அண்ணா சொன்ன அதே ஆறுதான் இருக்கிறது: 1, 3, 5, 8, 40, 41. ஐயா கேட்ட 7, 20, 28 மூன்றுமே இல்லை. அப்பாவின் கைபேசி 900, 1800 என்று மட்டும் காட்டுகிறது, 2ஜி.

சிங்கப்பூர் எப்படி? சிறிய நாடுதானே, அங்கே 3 மட்டும் போதாதா?

நெல்லிக்குப்பம் செவிலி
திங்கள், காலை 6.05

இரவுப் பணி முடித்து வந்து இதைப் படிக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன், எனவே இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா, அப்பாவின் பொத்தான் கைபேசியை இங்கே கொண்டுவராதீர்கள். சிங்கப்பூரில் 2ஜியை 2017 ஏப்ரல் 1 அன்றே நிறுத்திவிட்டார்கள். அது மணி பார்க்க மட்டும்தான் உதவும்.

அம்மாவின் கைபேசி பேண்ட் 3-ஐப் பிடிக்கும். டேட்டா நன்றாக ஓடும். ஆனால் இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது, இதை யாரும் இன்னும் சொல்லவில்லை. 2024-இல் 3ஜியும் போய்விட்டது. முன்பெல்லாம் 4ஜி கைபேசி அழைப்புக்கு மட்டும் 3ஜிக்கு இறங்கிப் பேசிவிட்டு மீண்டும் மேலே ஏறும். இறங்குவதற்கு இப்போது படியே இல்லை. 4ஜி அலையிலேயே குரலை அனுப்பும் வோல்ட்இ வசதி அந்தக் கைபேசியில் இருக்க வேண்டும். அது இந்த ஊர் நிறுவனத்தின் சிம்மோடும் இணங்க வேண்டும். இந்தியாவில் வோல்ட்இ வேலை செய்கிறது என்பதால் இங்கும் செய்யும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நாட்டு நிறுவனத்துக்கும் உரிய அமைப்பைக் கைபேசிக்காரர்கள் மென்பொருளில் சேர்த்திருக்க வேண்டும்.

என் சித்தப்பாவுக்கு இதுதான் நடந்தது. போன ஆண்டு என்னைப் பார்க்க வந்தார். யூடியூப் ஓடுகிறது, வரைபடம் ஓடுகிறது, படங்கள் அனுப்புகிறார். கைபேசி நன்றாக இருக்கிறது என்று நாங்கள் இருவருமே நம்பினோம். லிட்டில் இந்தியாவில் கூட்டத்தில் பிரிந்துபோனபோது அவர் என் எண்ணை அழைத்திருக்கிறார், போகவில்லை. வாட்ஸ்அப்பில் அழைக்கத் தோன்றவில்லை. பதற்றத்தில் எந்தப் பெரியவருக்கும் தோன்றாது. வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் 40 நிமிடம் நின்றிருந்தார். கண்டுபிடித்தபோது அவர் கை நடுங்கிக்கொண்டிருந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

சோதனை எளிது. உள்ளூர் சிம்மைப் போட்டவுடன் ஓர் அழைப்பு செய்யுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேல் மூலையைப் பாருங்கள். 4ஜி என்ற எழுத்து மாறாமல் நின்றால் நல்லது. 3ஜி என்றோ எச் என்றோ இறங்கினால் 4ஜியில் குரல் போகவில்லை என்று பொருள்; சிங்கப்பூரில் இறங்கப் படி இல்லாததால் அழைப்பே போகாது. பிரான்சில் இப்போதைக்கு இறங்குவதற்கு இடம் இருக்கிறது. அங்கேயே சோதித்துக்கொள்ளலாம் என்றாலும், இங்கே வந்த முதல் நாளே மறுபடியும் சோதியுங்கள்.

ஓ.டி. கப்பல்காரன்
திங்கள், காலை 7.40

சகோதரி சொன்னது நூற்றுக்கு நூறு. ஆஸ்திரேலியாவிலும் 2024 அக்டோபரோடு 3ஜி முடிந்துவிட்டது. அவசர எண்ணான 000-ஐ 4ஜியில் அழைக்க இயலாத கைபேசிகளை அங்கே வலையமைப்பிலேயே சேர்ப்பதில்லை.

லாஸ்பேட்டை மாணவன்
திங்கள், காலை 9.10

என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். அழைப்புக்கும் டேட்டாவுக்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சித்தப்பா கதையைப் படித்தபோது என் பாட்டி நினைவுக்கு வந்தார்.

உதவியாக ஒன்று சொல்கிறேன். கைபேசி விவரங்களைத் தொகுத்துத் தரும் ஜிஎஸ்எம் அரீனா தளத்தில் எந்தக் கைபேசியை எடுத்தாலும் நெட்வொர்க் என்ற பகுதியை விரித்தால், பல கைபேசிகளுக்கு நாட்டுவாரியாகத் தனித்தனிப் பட்டியல் இருக்கும். இந்தியாவுக்கு என்று குறித்த வரியை மட்டும் பாருங்கள். சர்வதேசம் என்ற முதல் வரியைப் பார்த்து ஏமாறக்கூடாது. கடைசியாகத் தயாரிப்பு நிறுவனத்தின் இந்தியத் தளத்தில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பரங்கிப்பேட்டை வாசகர்
திங்கள், பிற்பகல் 3.30

அமீரகத்தில் 14 ஆண்டு இருந்து திரும்பியவன். பாரிஸ் பயணம் துபாய் வழியாகவா? அப்படியென்றால் விமான நிலையத்தில் வாட்ஸ்அப் அழைப்பு போகாது. செய்தியும் குரல்பதிவும் போகும். அங்கே அரசு அனுமதித்த செயலிகளில்தான் இணைய அழைப்பு. கைபேசி கெட்டுவிட்டதோ என்று பெரியவர்கள் கலங்கிவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அமெரிக்காவிலிருந்து யாராவது பரிசாகக் கொண்டுவந்த கைபேசி வீட்டில் இருந்தால் அதைக் கொடுக்கும் முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று, அது அங்குள்ள ஒரு நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டதா என்பது. என் மைத்துனர் கொண்டுவந்ததில் வேறெந்த சிம் போட்டாலும் ஏற்காது. தவணை முடியாமல் அந்த நிறுவனம் திறந்துவிட மறுத்துவிட்டது. இன்னொன்று, 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் தட்டே கிடையாது. கைபேசிக்குள்ளேயே பதிந்திருக்கும் மின்னணு சிம்மான இ-சிம் மட்டும்தான்.

முத்தியால்பேட்டை மகள்
திங்கள், இரவு 9.00

ஆமாம் ஐயா, துபாய் வழிதான். அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். இ-சிம் பற்றிக் கேட்க நினைத்தேன். இந்திய எண்ணை எப்படி வைத்துக்கொள்வது? பாரிஸில் வாங்கிக்கொள்வது மேலா, இங்கேயே வாங்குவது மேலா?

சொல்தா வீட்டுப் பேரன்
திங்கள், இரவு 10.20

இங்கேயே வாங்குங்கள் அம்மா. ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் ஐரோப்பாவில் குடியிராதவர்கள் வரியைத் திரும்பப் பெறலாம், சார்ல் த கோல் விமான நிலையத்தில் அதற்கு இயந்திரமே இருக்கிறது. ஆனாலும் பழுது என்றால் இங்கே உத்தரவாதம் செல்லுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அங்கே விற்கும் மாடலில் நம் ஊருக்கு வேண்டிய 5, 40 இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். முக்கியமாக, 72 வயதுக்காரர் ஊர் புதிது, கைபேசியும் புதிது என்று ஒரே நாளில் இரண்டோடும் போராடக்கூடாது. இரண்டு மாதம் முன்பே கையில் கொடுத்துப் பழக்குங்கள்.

இந்திய சிம் உள்ளேயே இருக்கட்டும். கிளம்பும் முன் சர்வதேச ரோமிங்கை இயக்கச் சொல்லுங்கள், அதில் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள். உள்ளே வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, ஓடிபி வந்து சேரும். ரீசார்ஜ் நடுவில் முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டு. அப்பாவிடம் அழுத்திச் சொல்லுங்கள், உறவினர்கள் நலம் விசாரிக்க அழைத்துக்கொண்டே இருப்பார்கள்.

பிரெஞ்சு எண்ணை இரண்டாவது சிம்மாகவோ இ-சிம்மாகவோ போட்டுக்கொள்ளலாம். இணையத்தில் மலிவாக விற்கும் பயண இ-சிம்கள் பலவற்றில் டேட்டா மட்டும்தான் இருக்கும்; எண் இருக்காது, அழைப்பு போகாது. உங்கள் அப்பாவுக்கு அது கூடாது.

நேரு வீதிக் கடைக்காரர்
செவ்வாய், காலை 10.05

மாடல் பெயர் கேட்பீர்கள். ஒரே பெயரில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை உள்ளே மாற்றிவிடுகிறார்கள் என்பதால் புதியவற்றுக்குப் பெயர் சொல்லத் தயங்குகிறேன். பழையதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஐபோன் 12, 13 ஆகியவற்றின் இந்திய மாடல்களில் 7, 20, 28 மூன்றும் இருக்கின்றன, அமெரிக்காவின் 2, 4, 12, 66 கூட; ஒரு சிம், ஓர் இ-சிம். நல்ல நிலையில் பயன்படுத்தியது கிடைத்தால் பார்க்கலாம். பேட்டரி நிலையைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ என்ற கைபேசியின் அடையாள எண்ணை, கே-ஒய்-எம் என்று ஆங்கிலத்தில் தட்டி ஓர் இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு அனுப்புங்கள். திருட்டுக் கைபேசி என்றால் தெரிந்துவிடும்.

புதிது என்றால் பெட்டியின் பக்கவாட்டைப் படியுங்கள். முதலில் இந்த வட்டாரத்து சிம்மைப் போட்டு ஐந்து நிமிடம் பேசினால்தான் வெளிநாட்டு சிம்மை ஏற்கும் என்று சில பெட்டிகளில் அச்சிட்டிருக்கும். பிரிக்காமல் பெட்டியோடு தூக்கிக்கொண்டு விமானம் ஏறி, அங்கே போய்த் தவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முத்தியால்பேட்டை மகள்
சனி, மாலை 5.30

வாங்கிவிட்டோம். ஐபோன் அப்பாவுக்குப் பிடிபடவில்லை, கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 22,500 ரூபாயில் புதிய ஆண்ட்ராய்டு. இந்திய மாடலின் பட்டியலில் 7, 20, 28 இருப்பதை அச்செடுத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைப் பையன் அதைக் கண்டு, தனக்கும் ஒரு படி வேண்டும் என்று படம் எடுத்துக்கொண்டான். எழுத்துகளைப் பெரிதாக்கி, முதல் திரையில் நான்கு முகங்களை மட்டும் வைத்திருக்கிறேன். அம்மா, தம்பி, நான், 112.

முத்தியால்பேட்டை மகள்
ஜூன் 11, இரவு 10.50

இழையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக. அப்பா போய்ச் சேர்ந்து ஐந்து நாள் ஆகிறது. துபாயில் வாட்ஸ்அப் அழைப்பு போகவில்லை. "நீ சொன்னபடியே" என்று குரல்பதிவு அனுப்பினார். லா ஷப்பேலில் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சிம் வாங்கினார்கள். முதல் அழைப்பைத் தம்பி பக்கத்தில் நின்று கவனித்தான், 4ஜி மாறவில்லை. ஓடிபியும் வந்துவிட்டது. தம்பியின் கட்டடத்தில் கார் நிறுத்தும் நிலவறைக்குப் போய் அப்பாவைப் பேசச் சொன்னேன். குரல் கொஞ்சம் உடைந்தது, ஆனால் அறுபடவில்லை. அதே இடத்தில் அம்மாவின் கைபேசியில் டவரே இல்லை.

இன்று காலை ஆறு மணிக்குப் பூங்காவிலிருந்து தம்பியை அழைத்திருக்கிறார். அவன் பதறி எழுந்து ஓடப் பார்த்தானாம். "ஒன்றுமில்லை, வாத்துகள் நிற்கின்றன, உன் அம்மாவை எழுப்பி அனுப்பு" என்றாராம்.

சனிக்கிழமை ஜெனீவா. டேட்டா ரோமிங்கை அணைத்தாயிற்று. சிங்கப்பூரில் இந்த மாடலுக்கு வோல்ட்இ எப்படி என்று தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், அக்டோபர் வரை நேரம் இருக்கிறது.

நெல்லிக்குப்பம் செவிலி
ஜூன் 12, காலை 6.15

மாடல் எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள் அக்கா. என் வார்டில் ஒருவரிடம் அதே கைபேசி இருப்பதாகத் தெரிகிறது. நாளை அவரை ஓர் அழைப்பு செய்யச் சொல்லி, மேல் மூலையைப் பார்த்துச் சொல்கிறேன்.